டிபன் டப்பாவில் அண்ணனின் பாயிண்டுகள்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். "எண்ணூர்ல கண்டெய்னர் யார்டு கீதுல்ல, அங்க கம்ப்யூட்டர்ல கீது" என்பார்கள், நான் என்னவோ கம்ப்யூட்டருக்குள்ளேயே குடியிருப்பது மாதிரி. உண்மையில் என் வேலையில் பாதி, நகல் எடுத்துப் பத்திரப்படுத்துவது. எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் வந்தது, எங்கே இறங்கியது, யார் எடுத்துப் போனார்கள் என்ற விவரத்தையெல்லாம் ஹார்டு டிஸ்கில் ஏற்றி, வாராவாரம் அந்த டிஸ்கை வேறு ஊரிலிருக்கும் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். யார்டு எரிந்தாலும் முழுகினாலும் விவரம் பிழைத்துக்கொள்ளும். நான் சேர்ந்த புதிதில் அந்த டிஸ்கை சர்வர் தலைமேலேயே வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அப்பதான் மேடம் தேடாம கிடைக்கும்" என்று பதில். அன்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற லாரி டிரைவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். மறைக்க என்ன இருக்கிறது? நகல் எடுக்காதவர்களைக் கண்டால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும். அப்படிப்பட்டவளுக்கு அண்ணனாக வந்து வாய்த்தவன், ஊரிலேயே பெரிய பிடிவாதக்காரன்.

அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறான். படகு முதலாளியுடையது, ஓட்டுவது இவன். எங்கள் பக்கம் படகு டிரைவர் என்றால் சும்மா சுக்கான் பிடிப்பவன் இல்லை, மீன் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவன். அந்த 'எங்கே'க்குப் பெயர்தான் பாயிண்டு. கடலில் ஓர் இடத்தில் நல்ல மீன் பட்டால் ஜி.பி.எஸ். மிஷினில் பட்டனை அமுக்கி அந்த இடத்தைக் குறித்து வைப்பான். நல்ல இடத்துக்கு மீன் படம் போடுவான். அடியில் பாறையோ, உடைந்த படகோ கிடந்து வலையைக் கிழிக்கிற இடத்துக்கு மண்டையோட்டுப் படம். இருபது வருஷத்துக்கு மேல் அவன் சேர்த்த மீன்களும் மண்டையோடுகளும் அந்த ஒரு மிஷினுக்குள் இருந்தன. அதற்காகத்தான் முதலாளி அவனிடம் படகைக் கொடுத்திருந்தார். பாயிண்டு இல்லாத டிரைவரை யாரும் கேபினுக்குள் ஏற்ற மாட்டார்கள்.

இந்தப் பாயிண்டை ஒருவனும் இன்னொருவனுக்குச் சொல்ல மாட்டான். வேறு படகுக்காரன் கேபினுக்குள் காலை வைத்தால் முதல் வேலையாக மிஷின் மேல் துண்டு விழும். ஒரு வருஷம் படகுகளை மந்திரிக்கச் சாமியார் வந்த மாதா கோவில் திருவிழா அன்று நானும் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து மிஷின் மேல் போட்டான். நான் என்ன கடலுக்குப் போய் வலையா வீசப்போகிறேன் என்று கேட்டேன். "பழக்கம் பாப்பா" என்றான். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது மிஷினைக் கழற்றி ராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, குழந்தையைப் போலத் துணியில் சுற்றி பீரோவில் வைப்பான். ஒவ்வொரு வருஷமும் நான் போய் இதற்கு நகல் எங்கே என்று கேட்பேன். "எதுக்கு காப்பி? அதான் மிஷினே கீதே" என்பான். மிஷின் போனால்? "ஏன் போவுது?" அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அண்ணி அடுப்படியிலிருந்து தலையில் அடித்துக்கொள்வாள். என் பேச்சை அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரு டிரைவரின் மிஷின் திடீரென்று செத்துப்போனது. மெக்கானிக் அதற்கு உயிர் கொடுத்தார், ஆனால் உள்ளே ஒரு பாயிண்டுகூட மிஞ்சவில்லை. டிரைவராக இருந்த மனிதர் இன்னொருவர் படகில் வலை இழுக்கும் ஆளாகப் போனார். அதைப் பார்த்த வாரமே அண்ணன் மிஷினைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவன் சும்மா வந்தானா, நிபந்தனையோடு வந்தான். காப்பி எடுக்கலாம், ஆனால் நான் திரையைப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் எப்படி எடுப்பது என்று கத்தினேன். கடைசியில் மிஷினுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் தலையை விட்டு, ஆவி பிடிப்பதுபோல உட்கார்ந்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற அண்ணன், "சும்மா பாக்காத, சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே இருந்தான். பார்த்தால் மட்டும் எனக்கு என்ன புரியப்போகிறது? எல்லாம் நம்பர்.

ஆபீசில் என் சட்டம் இதுதான்: மூன்று இடத்தில் இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது தூரத்தில் இருக்க வேண்டும். முதலாவது, மிஷின். இரண்டாவது, ஒரு மெமரி கார்டு, அண்ணன் வீட்டு பீரோவில். மூன்றாவது கார்டை அவனிடம் சொல்லாமல் நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொருக்குப் பொருக்காக உதிரும், கார்டு எம்மாத்திரம்? ஜிப் கவரில் போட்டு, செருப்பு வாங்கும்போது டப்பாவில் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பாக்கெட், அதில் நாலைந்தைச் சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் அடைத்து மூடி, விளிம்பைச் சுற்றி கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

எங்கே வைப்பது என்று யோசித்தபோதுதான் பெருமை இறங்கியது. என் வீட்டு எதிரில் கடல். மழை பெய்தால் பின்பக்கச் சாக்கடையும் கூடத்துக்கு வந்துவிடும். சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் குப்பம் என்று எல்லோரும் கடலோரமாகவே வரிசையாக வீடு பிடித்திருக்கிறார்கள். வள்ளூரில் ஒரு சித்தி இருக்கிறாள், அனல் மின் நிலையச் சாம்பல் அவள் வீட்டுச் சோற்றிலேயே விழும், மழைக்குத் தண்ணீரும் நிற்கும். கடலுக்கு எட்டாமல், தண்ணீரும் ஏறாமல் எங்கள் குடும்பத்தில் இருந்தது ஒரே வீடு. கொடுங்கையூரில் மூன்றாவது மாடி. குப்பைமேட்டுப் புகை வரும், வரட்டும், எவர்சில்வருக்கு மூக்கா இருக்கிறது?

ஆனால் அந்த வீடு அண்ணியின் தம்பியுடையது. அவனும் காசிமேட்டில் படகு டிரைவர். அதைவிட முக்கியம், அண்ணனும் அவனும் பேசிக்கொள்வதே இல்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு மண்டையோடு. அண்ணியின் தம்பிக்கு ஓர் இடத்தில் வலை மாட்டிக் கிழிந்திருக்கிறது. அவன் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். சில வாரம் கழித்து அண்ணன் அதே இடத்தில் வலையை இறக்கினான், புது வலை மொத்தமாகப் போயிற்று. மச்சானுக்கு அந்த இடம் முன்னமே தெரியும் என்று பிறகுதான் காதுக்கு வந்தது. வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பதுதான் அண்ணனின் மனக்குறை. அதன்பிறகு கோவிலில்கூட ஒருவன் முன் பெஞ்சு, ஒருவன் பின் பெஞ்சு. நடுவில் அண்ணி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்வாள்.

நானும் அண்ணியும் அண்ணனுக்குத் தெரியாமல் டப்பாவைக் கொடுங்கையூருக்குக் கொண்டுபோனோம். தம்பியிடம் சொல்லாமல் பீரோவின் மேல்தட்டில் வைத்துவிடலாம் என்றாள் அண்ணி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல எவர்சில்வர் டிபன் டப்பா வீட்டில் சும்மா இருந்தால் என்ன ஆகும்? ஒருநாள் யாராவது அதில் மீன்குழம்பு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஆபத்து கடலிலிருந்து மட்டும்தான் வரும் என்று யார் சொன்னது? அதனால் அவனைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டேன். இதில் உன் மாமாவின் பாயிண்டு மொத்தமும் இருக்கிறது, பூட்டி வை, திறக்காதே.

அவன் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன் யக்கா, இந்த மெட்ராஸ்ல ஒனக்கு வேற ஆளே கெடைக்கலயா?"

"கெடைக்கல. நீதான் மூணாவது மாடில கீற."

சிரித்துவிட்டான். என் கண்முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்டினான். படி இறங்கும்போது அண்ணி, நாம் செய்தது சரிதானா என்று கேட்டாள். நான் தைரியமாகத்தான் பதில் சொன்னேன். என் தைரியம் வியாசர்பாடி தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அண்ணியின் தம்பி படகில் நல்ல மீன் பட்டது என்று யாராவது சொன்னால் போதும், டப்பாவின் நினைப்பு வந்துவிடும். திறந்திருப்பானோ? ஒருநாள் சாயங்காலம் அண்ணன் டீ குடித்துக்கொண்டே, அவன் படகு நிறைய கணவாய் மீன் வந்து இறங்கியதாம், இத்தனை நாள் இல்லாமல் அந்தப் பக்கம் எப்படிப் போனான் என்றே தெரியவில்லை என்றான். எனக்குப் புரையேறிக் கண்ணெல்லாம் தண்ணீர். அண்ணன் என் தலையில் தட்டி, "மெதுவா குடி பாப்பா" என்றான். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் அந்தப் புயல். எச்சரிக்கை வந்து எல்லாப் படகும் திரும்பி, துறைமுகத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டிக் கிடந்தன. மழை கொட்ட ஆரம்பித்தது. ராயபுரத்தில் அண்ணன் வீடு தரைத்தளம், தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அப்போது என் அண்ணனின் மூளை வேலை செய்தது. கடல்மேலேயே வாழ்கிற ஆளுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். ஊரே முழுகும்போது முழுகாமல் மிதப்பது எது? படகு. உடனே பீரோவிலிருந்த மெமரி கார்டு, கல்யாண ஆல்பம், அண்ணியின் புது மிக்ஸி எல்லாவற்றையும் கோணிப்பையில் கட்டி, மழையில் நனைந்துகொண்டே போய்ப் படகு கேபினில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தான். அதை எனக்குப் போனில் பெருமையாக வேறு சொன்னான்.

"மிஷின் எங்கண்ணா?"

"அதுவும் அங்கதான் கீது. எல்லாம் ஒரே எடத்துல சேஃப்டியா கீது பாப்பா."

சர்வர் தலைமேல் டிஸ்கை வைத்தவர்களை நான் அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், போனில் சார்ஜ் போயிற்று. கரண்டும் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. காற்றில் படகுகள் ஒன்றையொன்று இடித்து நொறுக்கியிருக்கின்றன. அண்ணன் படகு பக்கவாட்டில் உடைந்து, கட்டின இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கேபினுக்கு மேல் தண்ணீர். அவன் வீட்டில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. மிக்ஸியை அங்கேயே விட்டிருந்தால் அன்றைக்குச் சட்னி அரைத்திருக்கலாம், இதை அண்ணி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படகைத் தூக்கியபோது மிஷினிலிருந்து சேறு வழிந்தது. மெக்கானிக் திறந்து பார்த்து, மூடித் திருப்பிக் கொடுத்தார். கோணிப்பையில் இருந்த கார்டு, உப்புத்தண்ணீரிலும் டீசலிலும் ஊறிப் பச்சை பிடித்திருந்தது. நான் என்னென்னவோ செய்து பார்த்தேன், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முதலாளி நல்ல மனிதர்தான். படகைச் சரிபண்ணிப் புது மிஷினும் வாங்கி வைக்கிறேன், ஆனால் பாயிண்டு இல்லாமல் உன்னை எப்படி அனுப்புவது, படகு தண்ணீரில் இறங்குவதற்குள் வேறு டிரைவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகவே சொல்லியிருக்கிறார். அண்ணன் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குள் நுழைந்தால் தெருமுனைக்குக் கேட்கப் பேசுகிறவன், பச்சை பிடித்த அந்தக் கார்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. திட்டத்தான் வந்தேன், அழுகைதான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கார்டு இருக்கிறது என்று சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தான். எங்கே என்றான். கொடுங்கையூர் என்றேன். கொடுங்கையூரில் எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. அவன் முகத்தில் வந்த உயிர் அப்படியே கோபமாக மாறியது. எழுந்து வாசல்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான்.

"அவன் கைலயா குடுத்த? இந்நேரம் மொத்தத்தையும் உருவிட்டிருப்பான்."

"உருவினா உருவட்டும். ஒனக்கு இப்ப அது வோணுமா வாணாமா?"

அண்ணன் சட்டையை மாட்டினான்.

என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். மூன்று மாடியும் ஏறிக் கதவைத் தட்டினோம். அண்ணியின் தம்பி கதவைத் திறந்து, "வா மாமா" என்றான், நேற்றுத்தான் பார்த்துப் பேசியது போல. அவன் அம்மா டீ போட்டுக் கொண்டுவந்தாள். குடித்து முடிக்கும்வரை மூவரும் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தான்.

டேப் சிவப்பாக இருந்தது.

நான் ஒட்டியது கறுப்பு. ஆபீசிலிருந்து நானே எடுத்துவந்தது, எனக்குத் தெரியாதா? திறந்துவிட்டான், பாவி. அண்ணன் பார்ப்பதற்குள் டப்பாவைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தேன். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்காமலேயே, "வரேன்" என்று மட்டும் சொன்னான். அண்ணியின் தம்பி என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். திருட்டு முழி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே படி இறங்கினேன்.

புது மிஷின் வந்ததும் அண்ணன் என்னைப் படகுக்குக் கூட்டிப்போனான். கேபின் முழுக்கப் புது பெயிண்டு வாசனை. கார்டைச் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த அருள் நிறைந்த மரியே எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பிறகு நீலத் திரையில் மீன்கள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன. அண்ணன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் கீது பாப்பா. எல்லாம் கீது" என்றான். துண்டு தோளிலேயே கிடந்தது, என்னிடமிருந்து மறைக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லை.

அதற்கப்புறம் மண்டையோடுகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. வடக்கே, தெற்கே, பழவேற்காடு பக்கம் என்று திரை முழுக்க மண்டையோடு. அண்ணன் கையை எடுத்துவிட்டான்.

"இதெல்லாம் என்துல்ல."

இதற்கு மேல் மறைத்துப் பயன் இல்லை என்று டேப் நிறம் மாறிய கதையைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் போனை எடுத்து அண்ணியின் தம்பியைக் கூப்பிட்டான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் அந்த நம்பரை அழுத்தினான். ஸ்பீக்கரில் போட்டு, "இன்னாடா இது?" என்றான்.

"வலை மாட்ற எடம் மாமா. எனுக்கு தெரிஞ்சது மொத்தமும். வூட்ல பழைய மிஷினு ஒண்ணு கீது, அத பேட்டரில மாட்டி, ஒன் கார்டப் போட்டு, குந்திகினு ஒண்ணொண்ணா அடிச்சேன்." பிறகு, "அன்னிக்கே சொல்லிருக்கணும் மாமா" என்றான்.

அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"மீன் போட்டது ஒண்ணுகூட காணோமே" என்றான் அண்ணன்.

"அத எதுக்கு மாமா ஒனக்கு குடுக்கறேன்?"

"கேப்மாரி" என்றான் அண்ணன். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்தது வியர்வை இல்லை.

எனக்கும் கண் கலங்கியதுதான். ஆனால் பழக்கதோஷம் விடுமா? ஆபீஸ் சட்டப்படி, நடுவில் திறந்து கைவைத்த நகல், நகலே கிடையாது. அதை விளக்க ஆரம்பித்தேன். அதோடு, அந்தப் பழைய மிஷினில் கார்டைப் போட்டான் என்றால் உன் மீன் பாயிண்டு மொத்தமும் இப்போது அதற்குள்ளேயும் இருக்கும், அது புரிகிறதா என்று கேட்டேன்.

அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

"அந்த மிஷினு கொடுங்கையூர்லதான கீது? மூணாவது மாடில?"

"ஆமா."

"தண்ணி ஏறாதுல்ல?"

"ஏறாது."

"அப்ப வுடு பாப்பா. அதுவும் ஒரு காப்பிதான்."